பிளாஸ்டிக் கியர் எங்கே தாங்கும், எங்கே உருகும்?

எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வைத்த சின்னக் கார் ஒன்றை நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்றால், டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டீயரிங் தண்டைச் சுற்றி ஒரு நைலான் பல்சக்கரம் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் கொடுக்கும் பலம் முழுக்க அந்த நைலான் பற்கள் வழியாகத்தான் தண்டுக்கு வந்து சேர்கிறது. இதைச் சொன்னால் பலருக்கும் முகம் மாறிவிடும். ஸ்டீயரிங்கிலேயே பிளாஸ்டிக்கா, காசு மிச்சம் பண்ண எதை வேண்டுமானாலும் செய்வார்களா என்பார்கள். ஆனால் அந்த இடத்துக்கு நைலானைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஸ்டீல் கியர் செய்யத் தெரியாதவர்கள் இல்லை, யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

பிளாஸ்டிக் கியர் என்றால் பொம்மைக்குள் இருப்பது, சுவர்க் கடிகாரத்துக்குள் இருப்பது, மிஞ்சிப்போனால் பிரின்டருக்குள் இருப்பது என்றுதான் பொதுவான நினைப்பு. அதெல்லாம் உண்மைதான். அதற்கு மேலே இன்னொரு வகை இருக்கிறது: பால் பேக்கிங் மெஷினில், ரசாயன பம்பில், கார் இன்ஜினுக்குள்ளேயே கூட ஓடுகிற கியர்கள். இவற்றைப் பற்றி ஒரே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி பெரும்பாலும் தானாகப் புரியும். பிளாஸ்டிக் கியரைச் சாகடிப்பதில் பாரத்தைவிடச் சூட்டுக்குத்தான் பங்கு அதிகம்.

முதலில் என்னென்ன பிளாஸ்டிக் என்று பார்த்துவிடலாம். நைலான் பழைய ஆள். 1935ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கியது. கியருக்குப் போவது பெரும்பாலும் நைலான் 6, நைலான் 66, கொஞ்சம் சூடு அதிகமான இடத்துக்கு நைலான் 46. அடுத்தது அசிட்டால். இதையும் டுபான்ட்தான் 1960 வாக்கில் டெல்ரின் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் லேத் பட்டறையில் யார் தயாரித்த அசிட்டால் ராடாக இருந்தாலும் டெல்ரின்தான். பிரின்டருக்குள் நீங்கள் பார்க்கிற வெள்ளைக் கியர் அநேகமாக இதுதான். மூன்றாவது பீக். இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் 1970களின் கடைசியில் கண்டுபிடித்தது, நைலான் 66 கிட்டத்தட்ட 260 டிகிரி செல்சியஸில் உருகும் என்றால் பீக் 343 டிகிரி வரை உருகாது. விலையும் அதற்கேற்ப, அசிட்டாலைவிடப் பல பத்து மடங்கு, அதனால் வேறு வழியே இல்லாத இடத்தில்தான் அதைத் தொடுவார்கள்.

இவற்றோடு கண்ணாடி இழை, கார்பன் இழை கலந்தால் பலம் கூடும். டெஃப்லான் தூளோ சிலிக்கோனோ கலந்தால் உராய்வு குறையும். ஆனால் கண்ணாடி இழை போட்டால் எதிரே கடிக்கிற கியரை அது தேய்க்க ஆரம்பித்துவிடும். இந்தத் துறையில் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைவது வழக்கம்.

இந்தப் பிளாஸ்டிக்குகளுக்கு முன்னாலும் சத்தமில்லாத கியருக்கு ஆட்கள் அலைந்திருக்கிறார்கள். பதப்படுத்தாத மாட்டுத்தோலை அடுக்கடுக்காக அழுத்தி அதில் பல் வெட்டினார்கள். அப்புறம் பேக்கலைட் என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக் வந்ததும் துணியை அதில் தோய்த்து அடுக்கி அழுத்திய தகட்டில் வெட்டினார்கள். பழைய ஒர்க்‌ஷாப்காரர்கள் ஃபைபர் கியர் என்று சொல்வது அதைத்தான். அமெரிக்காவில் செவர்லே போன்ற கார்களில், இன்ஜின் வால்வுகள் சரியான நேரத்தில் திறக்க வைக்கிற டைமிங் கியராகவே பல வருடம் அது ஓடியது. ஆக, உலோகத்தோடு உலோகம் மோதினால் சத்தம் வரும், நடுவில் மென்மையான ஒன்றை வைத்தால் அடங்கும் என்பது பிளாஸ்டிக்காரர்கள் கண்டுபிடித்த விஷயமே இல்லை.

சரி, மென்மையான ஒன்று என்றால் எவ்வளவு மென்மை? ஒரு பொருளின் விறைப்பை ஜிகாபாஸ்கல் கணக்கில் சொல்வார்கள். ஸ்டீலுக்கு 200க்குக் கொஞ்சம் மேலே. அசிட்டாலுக்கு 3ஐ ஒட்டி. அதாவது ஒரே பாரத்துக்கு, ஒரே அளவுள்ள அசிட்டால் பல் ஸ்டீல் பல்லைவிட ஏறக்குறைய எழுபது மடங்கு அதிகமாக வளையும். கேட்டால் குறையாகத் தெரியும். ஆனால் கியரில் இது பாதி குறை, பாதி வரம். ஸ்டீல் கியரில் பல் வடிவத்தில் மயிரிழை பிசகு இருந்தாலும் ஒரே பல் மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு டக் டக்கென்று அடிக்கும். பிளாஸ்டிக்கில் அந்தப் பல் கொஞ்சம் வளைந்து கொடுத்து, பின்னால் வருகிற பல்லையும் சீக்கிரமாகக் கடிக்க வைத்துவிடும். பாரம் ரெண்டு மூன்று பல்லுக்குப் பிரிந்துவிடுகிறது, சத்தமும் அடங்குகிறது, சின்னச் சின்னத் தயாரிப்புப் பிழைகளையும் மன்னித்துவிடுகிறது. எடையும் ஒரு லாபம்: ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 7.8 கிராம் என்றால் அசிட்டால் 1.4 கிராம், நைலான் 1.14 கிராம்தான்.

இப்போது சூட்டுக்கு வருவோம், விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ரெண்டு பல் உரசும்போது சூடு பிறக்கும், எந்தக் கியராக இருந்தாலும். பிளாஸ்டிக்கில் கூடுதலாக, பல் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் உள்ளேயிருந்தும் கொஞ்சம் சூடு வரும். பிறந்த சூடு வெளியே போக வேண்டுமே? ஸ்டீல் வெப்பத்தைக் கடத்துகிற வேகத்தோடு ஒப்பிட்டால் அசிட்டாலோ நைலானோ நூறில் ஒரு பங்குக்கும் கீழே. பல்லின் முகத்தில் பிறந்த சூடு அங்கேயே தங்கிவிடுகிறது. சூடு ஏறினால் பல் இளகும்; இளகினால் இன்னும் வளையும்; வளைந்தால் இன்னும் தப்பான இடத்தில் உரசும்; உரசினால் இன்னும் சூடு. அசிட்டால் உருகுவது சுமார் 175 டிகிரியில் என்றாலும், அதைத் தொடர்ந்து ஓட்டுகிற இடத்தில் 100 டிகிரியைத் தொட விடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். உருகுவதற்கு ரொம்ப முன்னாலேயே பலம் பாதியாகிவிட்டிருக்கும்.

விரிவதும் ஒரு தொல்லை. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள அசிட்டால் கியர் ஒன்று 50 டிகிரி சூடானால் சுமார் அரை மில்லிமீட்டர் பெரிதாகும். அதே அளவு ஸ்டீல் கியர் 0.06 மில்லிமீட்டர்தான் விரியும். ஸ்டீலுக்கு வைக்கிற அதே இடைவெளியில் பிளாஸ்டிக் கியரைப் பொருத்தினால், காலையில் சுகமாக ஓடும், மதியம் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்ளும். பட்டறையில் ப்ளே என்று சொல்கிற அந்த இடைவெளியைப் பிளாஸ்டிக்குக்குத் தாராளமாக விட வேண்டும். புதிதாக மாட்டிய கியர் லேசாக ஆடுகிறதே என்று பதறி நெருக்கி வைப்பவர்கள்தான் அதைச் சீக்கிரம் கொல்கிறார்கள்.

ஆகவே நல்ல ஜோடி எது என்றால், சின்னக் கியர் ஸ்டீல், பெரிய கியர் பிளாஸ்டிக். சின்னது அதிகச் சுற்று சுற்றுவதால் அதன் ஒவ்வொரு பல்லும் அதிக முறை கடிபடும், அதை உறுதியானதாக வைத்துவிட வேண்டும். ஸ்டீல் பல் சூட்டை வாங்கி ஷாஃப்ட் வழியாக வெளியே கொண்டுபோயும் விட்டுவிடும். ஒரு நிபந்தனை, ஸ்டீல் பல்லின் முகம் வழவழப்பாக இருக்க வேண்டும். வெட்டிய தடம் அப்படியே இருந்தால் நைலானைச் சீவிக்கொண்டே இருக்கும். ரெண்டும் பிளாஸ்டிக்தான் என்றால், ஒரே ரகத்தை ரெண்டுக்கும் போடாமல் ஒன்று நைலான், ஒன்று அசிட்டால் என்று பிரித்துப் போடுவார்கள். அசிட்டாலும் அசிட்டாலும் உலர்வாக உரசினால் தேய்மானம் மோசமாக இருக்கும்.

இப்போது அந்த ஸ்டீயரிங்கைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். இந்த வகை எலக்ட்ரிக் ஸ்டீயரிங் முதலில் வந்தது 1988ல், ஜப்பானின் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டுக்குள் இருக்கும் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று கொஞ்சம் முறுகும். எவ்வளவு முறுகியது என்று சென்சார் பார்த்துச் சொல்ல, மோட்டார் அதற்கேற்ப உதவுகிறது. மோட்டார் முனையில் ஸ்டீல் வார்ம், அதாவது திருகு மாதிரிப் பல் சுற்றிய தண்டு. அது கடிப்பது வார்ம் வீலை; மோட்டார் பதினைந்து, இருபது சுற்று சுற்றினால் வீல் ஒரு சுற்று. அந்த வீலின் நடுப்பகுதி ஸ்டீல், வெளி வளையம் நைலான். ஸ்டீல் நடுவின் விளிம்பில் நர்லிங் போட்டுச் சொரசொரப்பாக்கியோ பள்ளம் வெட்டியோ வைத்து, அதன் மேல் நைலானை ஊற்றி இறுக வைப்பார்கள், இல்லாவிட்டால் வளையம் தனியாகச் சுற்றிக்கொள்ளும். துல்லியம் வேண்டும் என்பதால் பல்லை அதற்கப்புறம் ஹாபிங் என்கிற பல் வெட்டும் மெஷினில் வெட்டுவதும் உண்டு.

ஏன் இதை முழுக்க ஸ்டீலில் செய்யவில்லை? ரோட்டில் குழி வரும்போதெல்லாம் முன் சக்கரத்தின் அடி தண்டு வழியாக மேலே ஏறி வார்ம் வீலைத் தட்டும். ஸ்டீலும் ஸ்டீலும் என்றால் அந்த இடைவெளியில் கடகடவென்று அடிக்கும், அதுவும் ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலேயே. நைலான் அந்த அடியை விழுங்கிக்கொள்கிறது. பல தயாரிப்புகளில் இதோடு ஒரு ஸ்பிரிங் வைத்து வார்மை வீலோடு எப்போதும் லேசாக அழுத்தியே வைத்திருப்பார்கள், இடைவெளியே இல்லாமல்; வீல் விரிந்தால் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். ஸ்டீலில் அப்படி அழுத்தி வைத்தால் தேய்ந்துவிடும். வார்ம் கியரில் பற்கள் உருள்வதைவிட வழுக்குவதுதான் அதிகம், உள்ளே எண்ணெய்க் குளியலும் கிடையாது, முதல் நாள் தடவிய கிரீஸ்தான் கடைசி வரைக்கும்.

சூடு? இங்கேதான் வேலையின் தன்மை உதவுகிறது. ஹைவேயில் போகும்போது ஸ்டீயரிங் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. பார்க்கிங்கில் மட்டும் சில நொடி முழுப் பாரம், அப்புறம் ஓய்வு. அந்த ஓய்வில் சூடு ஆறிவிடுகிறது. நின்ற இடத்திலேயே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்றால், கன்ட்ரோல் யூனிட்டே உதவியைக் குறைத்துவிடும், ஸ்டீயரிங் கனமாகும். மோட்டாரையும் சர்க்யூட்டையும் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது, நைலானுக்கும் நல்லதுதான். இதே வீலை நாள் முழுக்க நிற்காமல் ஓடுகிற கன்வேயரில், இதே பாரத்தோடு மாட்டிப் பாருங்கள், நிலைக்காது. பாரம் ஒன்றுதான், ஓய்வு இல்லை.

நைலானுக்கு இன்னொரு குணம் உண்டு, தண்ணீர் குடிக்கும். காற்றில் 50 சதவீத ஈரப்பதம் இருந்தாலே நைலான் 66 தன் எடையில் சுமார் 2.5 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தண்ணீரிலேயே ஊறினால் 8 சதவீதத்தைத் தாண்டும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையில் இறுகிக்கொள்வது போலத்தான், கியரும் உப்பி ஜோடிக் கியரோடு இறுகும். ஸ்டீயரிங்கில் அப்படி நடந்தால் திருப்புவதற்கே கனமாகத் தோன்றும். அதனால் வடிவமைக்கிறவர்கள் உப்பிய அளவையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஈரமே இல்லாத நைலானும் நல்லதில்லை. மோல்டிலிருந்து அப்போதுதான் வந்த உலர்ந்த நைலான் அடி பட்டால் பட்டென்று உடையும், கொஞ்சம் ஈரம் ஏறினால்தான் அதற்கு அடி தாங்குகிற குணம் வருகிறது. அளவு மாறவே கூடாது, அல்லது எப்போதும் நனைகிற இடம் என்றால் அசிட்டாலுக்குப் போய்விடுவது நல்லது. அது தண்ணீரில் ஊறினாலும் ஒரு சதவீதத்தைத் தாண்டுவது அரிது.

உணவுத் தொழிற்சாலைகளில் கதை வேறு. பால் பாக்கெட்டுக்கு மேலேயோ பிஸ்கட் மாவுக்கு மேலேயோ ஓடுகிற கியரில் எண்ணெய் சொட்டினால் அந்த பேட்சையே கொட்ட வேண்டும். எண்ணெயே போடாமல் ஓடக்கூடியது பிளாஸ்டிக் என்பதுதான் அங்கே முதல் காரணம், தினமும் தண்ணீர் அடித்துக் கழுவினாலும் துருப்பிடிக்காது என்பது ரெண்டாவது. அங்கே பல பாகங்கள் நீல நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலத்தில் உணவு அரிது, ஒரு துண்டு உடைந்து விழுந்தாலும் கண்ணில் பட்டுவிடும். மெட்டல் டிடெக்டரில் சிக்குவதற்காக உலோகத் தூள் கலந்த பிளாஸ்டிக்குகளும் இருக்கின்றன. ஆனால் கழுவுகிற மருந்து என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குளோரின் அசிட்டாலை அரித்துவிடும், அமிலம் நைலானை அரித்துவிடும். ரெண்டு மூன்று வருடம் ஓட வேண்டிய கியர் சில மாதத்தில் வெடிப்பு விட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது கழுவுகிறவரின் பக்கெட்டைத்தான்.

ரசாயனத்தை அளந்து செலுத்துகிற சின்ன கியர் பம்புகளில் பீக் கியர் சகஜம். ரெண்டு கியர் கடித்துச் சுற்றும்போது பல் இடுக்கில் திரவம் மாட்டி அந்தப் பக்கம் தள்ளப்படும், அவ்வளவுதான் பம்பு. எண்ணெய் போட முடியாது, போட்டால் ரசாயனத்தில் கலந்துவிடும். ஆனால் ஓடுகிற திரவமே சூட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஆஸ்பத்திரிக் கருவிகளிலும் பீக் வருகிறது, 134 டிகிரி நீராவியில் மறுபடி மறுபடி வேகவைத்துக் கிருமி நீக்கினாலும் அசையாது என்பதால்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இன்ஜினுக்குள் இருப்பது. நாலு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் ஒரு அதிர்வு மிச்சமிருக்கும், அதை அடக்க, பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்க்கின் இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் ரெண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டுகள் வைப்பார்கள். அவ்வளவு வேகத்தில் ஸ்டீல் கியர் பாட ஆரம்பிக்கும். பாடாமல் இருக்க அதை ரொம்பத் துல்லியமாகத் தேய்த்து, ஒவ்வொரு இன்ஜினிலும் இடைவெளியை அளந்து பொருத்த வேண்டும். இந்த வரிசையில் ஒரு கியரைச் சில தயாரிப்பாளர்கள் பீக்குக்கு மாற்றிவிட்டார்கள். இன்ஜின் ஆயிலின் சூட்டில் அசிட்டால் நிற்காது, பீக்குக்கு அது பொருட்டே இல்லை. ஆயில் மேலே தெறித்துக்கொண்டே இருப்பதால் பல்லில் பிறக்கிற சூடும் தங்குவதில்லை. கிலோ விலை எவ்வளவு ஆனாலும், துல்லியமாகத் தேய்க்கிற செலவு போய்விடுவதால் கணக்கு கட்டுப்படியாகிறது.

செய்முறையைப் பற்றிக் கொஞ்சம். அஞ்சு பத்து கியர் வேண்டுமென்றால் ராடு வாங்கி, லேத்தில் கடைந்து, ஹாபிங்கில் பல் வெட்டிவிடலாம். லட்சக்கணக்கில் வேண்டுமென்றால் மோல்டிங்தான். உருக்கிய அசிட்டால் ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்கும், 50 மில்லிமீட்டர் கியருக்கு 51 மில்லிமீட்டர் குழி வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்கினால் சுலபம், ஆனால் தடிமனான நடுப்பகுதி ஒரு மாதிரியும் பல் நுனி இன்னொரு மாதிரியும் சுருங்கும், இழை கலந்திருந்தால் இழை படுத்திருக்கும் திசையில் குறைவாகச் சுருங்கும். அதனால் மோல்டில் வெட்டுகிற பல், கடைசியில் கிடைக்கப்போகிற பல்லின் வடிவத்திலேயே இருக்காது. பிளாஸ்டிக்கை ஓரத்திலிருந்து ஊற்றினால் கியர் வட்டமாகவே வராது, நடுவிலிருந்து சமமாகப் பரவ விட வேண்டும். ரெண்டு பக்கத்திலிருந்து வந்த ஓட்டங்கள் சந்திக்கிற கோடு பலவீனமானது, அது ஒரு பல்லின் அடியில் விழுந்தால் அந்தப் பல்தான் முதலில் போகும்.

கணக்குப் போடவும் ஸ்டீலின் சூத்திரத்தை அப்படியே எடுக்க முடியாது. ஸ்டீலில் ஒரு அளவுக்குக் கீழே பாரம் இருந்தால் வருடக்கணக்கில் ஓடும் என்று நம்பலாம். பிளாஸ்டிக்கில் அப்படி ஒரு பத்திரமான கோடு தெளிவாக இல்லை, சுற்று ஏற ஏறத் தாங்குதிறன் இறங்கிக்கொண்டே இருக்கும், எந்தச் சூட்டில் என்பதைப் பொறுத்து எண்ணும் மாறும். ஜெர்மன் பொறியாளர்கள் சங்கத்தின் விடிஐ 2736 என்ற வழிகாட்டி இதற்கென்றே எழுதப்பட்டது. அதில் முதல் வேலையாகப் பல் எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போடச் சொல்லிவிட்டுத்தான் பலத்துக்கே போகிறது.

கடைசியாக, மெயின்டனன்ஸ் ஆட்கள் என்னிடம் அடிக்கடி சொல்கிற ஒரு யோசனை: பிளாஸ்டிக் கியர் உடைந்ததா, அதே அளவில் ஸ்டீலில் வெட்டிப் போடு, இனி உடையாது. அது உடையாது, சரிதான். ஆனால் மெஷின் ஏதாவது ஒரு நாள் மாட்டிக்கொண்டு நின்றால், முன்பு பிளாஸ்டிக் பல் முறிந்து ஃப்யூஸ் மாதிரி மற்றதைக் காப்பாற்றியது. இப்போது அடுத்த கியரோ, ஷாஃப்ட்டோ, மோட்டாரோ போகும். எதிரே இருக்கிற கியர் பிளாஸ்டிக் என்றால் அது தேயும். எண்ணெய் போடாத இடமாக இருந்தால் புது ஸ்டீல் கியர் கத்தும், அப்புறம் எண்ணெய் போடுவீர்கள், அது எங்கே சொட்டும் என்று பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன் உடைந்த கியரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல் அடியிலிருந்து சுத்தமாக முறிந்திருந்தால் பாரம் அதிகமாகியிருக்கிறது அல்லது எங்கோ மாட்டியிருக்கிறது. பற்கள் எல்லாம் மெலிந்து கூராகியிருந்தால் தேய்மானம், எதிர் கியரின் முகத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். பல் முகம் பளபளத்து ஒரு பக்கமாக வழிந்து மடிந்திருந்தால் சூடு, அதற்கு மருந்து ஸ்டீல் இல்லை. இடைவெளி, காற்று, கிரீஸ், அல்லது நைலான் 46, பீக் போன்ற அடுத்த ரகம்.

பல் எல்லாம் நன்றாக இருந்து நடுவில் மட்டும் வெடித்திருந்தால் சாவிக்காடியை, அதாவது கியரை ஷாஃப்ட்டோடு பூட்டுகிற சாவி உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். ஸ்டீலுக்கு வெட்டுகிற மாதிரியே கூர்மையான மூலையோடு வெட்டியிருப்பார்கள், பிளாஸ்டிக்கில் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அடுத்த தடவை வெட்டக் கொடுக்கும்போது மூலையை உருட்டச் சொல்லுங்கள், பாரம் அதிகமென்றால் நடுவில் ஒரு உலோக புஷ் வைத்து அதில் காடி போடச் சொல்லுங்கள். கூடவே எத்தனை மணி நேரம் ஓடும், பக்கத்தில் என்ன சூடு, எதோடு கடிக்கிறது, எதில் கழுவுகிறீர்கள் என்று நாலு விஷயம் சொல்லிவிட்டால், நைலானா டெல்ரினா என்பதை விவரம் தெரிந்த பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார்.